அவரா, அவங்களா?

சனிக்கிழமை இரவு 9 மணி. சிங்கப்பூரில் 11.30. தோஹாவில் மாலை 6.30. போன் திரையில் ஏழு கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகின்றன. ஒரு கட்டத்தில் சுவர் மட்டும் தெரிகிறது. ஆள் குக்கரை இறக்கப் போயிருக்கிறார். இன்னொன்றில் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. “டேய், மியூட்ல இருக்கே!” என்று மற்ற எல்லாரும் கத்துகிறோம். அதுதான் எங்களுக்கு மணியடிக்கிற மாதிரி. ஆட்டம் தொடங்கிவிடும்.

“நினைச்சாச்சா?”

“நினைச்சாச்சு.”

“உயிரோட இருக்காரா?”

“இல்லை.”

“சினிமாவா?”

“ஆமா.”

“அரசியலா?”

“ஆமா.”

“முதலமைச்சரா இருந்தவரா?”

“ஆமா.”

“நடிச்சவரா?”

“ஆமா.”

“எம்.ஜி.ஆர்.!”

“இல்லை.”

“அப்போ ஜெயலலிதா!”

“இல்லை.”

ஏழு கட்டங்களிலும் அமைதி. கோவைக்காரன் தலையைச் சொறிகிறான். தோஹா நண்பன், “நீ பதிலைத் தப்பா சொல்றே” என்று சண்டைக்கு வருகிறான். இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்த தமிழாசிரியை மெதுவாகக் கேட்கிறார்: “ஒரு மாசம்கூட பதவியில இல்லாதவரா?”

“ஆமா.”

“வி.என்.ஜானகி.”

1988 ஜனவரியில் 24 நாள்கள் ஆட்சியில் இருந்தவர். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். 1950-ல் வந்த ‘மருதநாட்டு இளவரசி’யில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. இது எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஐந்து பேருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

இந்த ஆட்டத்தை நாங்கள் ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். பால் வாங்கக்கூடப் பயந்து பயந்து போன அந்த நாள்களில், கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ‘குட் மார்னிங்’ பூக்களைத் தவிர வேறு எதுவும் வராத நேரத்தில், ஒருவர் எறிந்த யோசனை. ஒருவர் ஒரு பிரபலத்தை மனதில் நினைக்க வேண்டும். மற்றவர்கள் 20 கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். பதில் ‘ஆமா’ அல்லது ‘இல்லை’ மட்டும். காசு வேண்டாம், ஆப் வேண்டாம், சீட்டுக்கட்டு வேண்டாம். ஊரடங்கு போய்விட்டது. ஆட்டம் போகவில்லை.

விடுகதையைக் கவிழ்த்துப் போட்டால்...

வெள்ளைக்காரர்களின் ஆட்டமாகத்தான் இது ஊருக்குத் தெரியும். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையிலேயே, விருந்துக்கு வந்தவர்கள் ‘ஆம்-இல்லை’ ஆட்டம் ஆடிக் கஞ்சக்கிழவர் ஸ்க்ரூஜைக் கிண்டலடிக்கிறார்கள். 1946-ல் அமெரிக்க வானொலியில் ‘ட்வென்டி கொஸ்டின்ஸ்’ என்று இதை நிகழ்ச்சியாக்கினார்கள். அடுத்த ஆண்டே பி.பி.சி. எடுத்துக்கொண்டது.

நமக்கும் இது அந்நியம் இல்லை. தொல்காப்பியம் ‘பிசி’ என்று தனி வகையாகவே விடுகதையைக் குறிக்கிறது. பாட்டிமார் அழிப்பாங்கதை போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ‘நொடி’ சொல்வார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். விடுகதையில், போடுகிறவர் வருணிப்பார். கேட்கிறவர் மண்டையை உடைத்துக்கொள்வார். இந்த ஆட்டத்தில், ஆளை நினைத்திருப்பவர் ‘ஆமா’, ‘இல்லை’ தவிர வாயைத் திறக்கவே மாட்டார். வருணனையைக் கட்டி எழுப்ப வேண்டியது கேட்கிறவர்களின் வேலை. பதில் சொல்லத் தெரிந்தவனுக்கு மார்க் போட்டே பழகிய நமக்கு, கேள்வி கேட்கத் தெரிந்தவன் ஜெயிக்கிற ஆட்டம் கொஞ்சம் புதுசுதான்.

பாதியாக வெட்டும் கத்தி

20 கேள்வி போதுமா? கணக்குப்படி தாராளம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டினால், 20 கேள்வியில் 10,48,576 பேரிலிருந்து ஒருவரைப் பிடித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.21 கோடி. அதில் யாரோ ஒருவரைப் பிடிக்க 27 கேள்வி. உலகத்தின் 800 கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஒருவரைப் பிடிக்க 33. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கும் ஒரு அண்ணாச்சியைக்கூட 33 கேள்வியில் எட்டிவிடலாம் என்று நினைத்தால் சிலிர்ப்பாக இருக்கிறது.

ஆனால், ‘சரிபாதி’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். பதில் எப்படியும் ‘ஆமா’தான் என்று முன்கூட்டியே தெரிந்த கேள்வி எதையும் வெட்டாது. கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் 1948-ல் தகவலை அளக்கும் கணக்கை எழுதியபோது இதைத்தான் அடிப்படையாக வைத்தார்: எவ்வளவு எதிர்பாராததோ, அவ்வளவு தகவல். இன்று நாம் ‘பிட்’ என்று அளப்பது, சரிபாதியாக வெட்டும் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான்.

ஆர்வக்கோளாறு கோவைக்காரனுக்கு இது இன்னும் புரியவில்லை. மூன்றாவது கேள்வியிலேயே “ரஜினியா?” என்பான். ‘இல்லை’ வந்தால் ஒரே ஒரு ஆள் கழிந்தார். மிச்சம் லட்சம் பேர் அப்படியே நிற்பார்கள். தமிழாசிரியையோ ‘இல்லை’யை வாங்கத் தயங்கவே மாட்டார். “இல்லைன்னு ஒரு பதில் வந்தா பாதி ஊரு காலியாகுதுல்ல?” என்பார்.

எங்கள் ஊர் ஆளுமைகளுக்குத் தனிப் பொறிகளும் உண்டு. “தமிழ்நாட்டில பிறந்தவரா?” கேட்டவுடன் நல்ல கேள்வி மாதிரி தெரியும். எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கம். ஜெயலலிதா கர்நாடகத்து மேலுக்கோட்டையில். ரஜினி பெங்களூரில். நோபல் வாங்கிய சந்திரசேகர் லாகூரில். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’தான். அந்த ‘இல்லை’யை நம்பி நாங்கள் வங்காளம், பஞ்சாப் என்று சுற்றி அலைந்த இரவுகள் உண்டு.

“சினிமாவா, அரசியலா?” என்ற கேள்வியும் தமிழ்நாட்டில் செல்லாது. இரண்டையும் பிரிக்கும் கத்தி நம்மிடம் இல்லை. எதைக் கேட்டாலும் ‘ஆமா’ வருகிறதென்றால் எங்களிடம் ஒரு சுருக்குவழி உண்டு. நடிப்பா? ஆமா. இயக்கமா? ஆமா. பாட்டு எழுதினவரா? ஆமா. பாடினவரா? ஆமா. கட்சி? ஆமா. அப்படியென்றால் கமல், இல்லாவிட்டால் டி.ராஜேந்தர். அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. ‘வாட்ஸ் மை லைன்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு விருந்தாளியைக் கண்டுபிடிப்பார்கள். 1957-ல் ஓவியர் சால்வடார் டாலி வந்து உட்கார்ந்து, ஏறக்குறைய எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றார். நடத்துகிறவரே குறுக்கே விழுந்து திருத்த வேண்டியதாயிற்று.

விகுதி காட்டிக்கொடுக்கும்

இதே ஆட்டத்தைத் தமிழில் ஆடும்போது ஒரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. நம் வினைச்சொல் ரகசியம் காக்காது. ஆணா பெண்ணா, மரியாதைக்கு உரியவரா செல்லமானவரா எல்லாவற்றையும் ஒரு விகுதியில் சொல்லிவிடும்.

ஒருமுறை பதினைந்து கேள்வி தாண்டியும் யாருக்கும் தட்டுப்படவில்லை. நினைத்து வைத்திருந்த சிங்கப்பூர் தோழிக்குப் பொறுமை போய்விட்டது. “அய்யோ, அவங்களைத் தெரியாதவங்க யாராவது இருப்பாங்களா?” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். ‘அவங்க’ என்ற ஒரே சொல்லில் ஆண்கள் எல்லாரும் கழிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து விதி: நினைத்தவர் பொதுவாகப் பேசினால் ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கத்து நண்பருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவர் ஆண், பெண் எல்லாரையும் ‘அவுக’ என்றே சொல்லிப் பழகியவர்.

விகுதி மாட்டிவிடுவது பதில் சொல்கிறவரை மட்டுமில்லை; கேட்கிறவரையும்தான். கிரிக்கெட் வீரர் என்று தெரிந்தவுடன் எல்லாரும் ஒருமைக்கு இறங்கிவிடுவோம்: “உலகக் கோப்பை ஜெயிச்சானா?” தோனியை ‘அவன்’ என்பதில் உரிமை இருக்கிறது, வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி. விஞ்ஞானி என்றால் ‘அவர்’. முதலமைச்சர் என்றால் பெயரே வராது, பட்டம்தான் வரும்.

ஓர் இரவு சில்க் ஸ்மிதாவை நினைத்து வைத்திருந்தார்கள். கவர்ச்சி நடிகை என்று தெரிந்த அந்த நொடியிலிருந்து எங்கள் கேள்விகள் மாறின. “ஆந்திராக்காரியா?” “அவ செத்துட்டாளா?” யாரும் யோசித்துச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் சிங்கப்பூர் தோழிதான் கேட்டார்: “ஜானகியம்மான்னீங்க, சுசீலாம்மான்னீங்க. இவங்க மட்டும் ஏன் ‘அவ’?” தோனிக்குச் சொன்ன ஒருமை அன்பு. இவருக்குச் சொன்ன ஒருமை அன்பில்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. ‘ஆமா, இல்லை’ இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருந்தது.

எம்.எஸ். என்றால் யார்?

பத்துக் கேள்விக்கு மேல் திணறினால் இனிஷியல் கேட்கலாம் என்பது எங்கள் சலுகை விதி. தமிழ்நாட்டில் இனிஷியல் என்பது முக்கால்வாசி முகவரி. அன்றைக்குக் கிடைத்தது: எம்.எஸ்.

“சுப்புலட்சுமி!” இல்லை. “விஸ்வநாதன்! நம்ம எம்.எஸ்.வி.!” இல்லை. “மகேந்திர சிங் தோனி!” இல்லை. மூன்று கேள்வி போயே போச்சு. பாதியாக வெட்டுவதை விட்டுவிட்டு ஆளாளுக்குப் பெயர் கத்தினால் இதுதான் கதி.

தமிழாசிரியை கேட்டார்: “பாரத ரத்னாவா?”

“ஆமா.”

“சோறு சம்பந்தப்பட்டவரா?”

“ஆமா!”

எம்.எஸ்.சுவாமிநாதன். பசுமைப் புரட்சியின் வேளாண் விஞ்ஞானி. கும்பகோணத்தில் பிறந்தவர். 2023 செப்டம்பரில் மறைந்தார்; 2024-ல் பாரத ரத்னா அறிவித்தார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சொந்த ஊரே கும்பகோணம். அவர் அன்று கேமராவை அணைத்துவிட்டார்.

அன்றைய ஆட்டத்தின் மிச்சம் அதற்குப் பிறகுதான் நடந்தது. நான்கு எம்.எஸ்.களின் விரிவையும் எழுதிப் பார்த்தோம். மூவருக்கு ‘எஸ்’ வேறு வேறு: சுப்பிரமணியன், சாம்பசிவன், சிங். சுப்புலட்சுமிக்கு மட்டும் ‘மதுரை சண்முகவடிவு’. ஊரின் பெயரும் அம்மாவின் பெயரும். இசைவேளாளர் மரபில் தாய் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட வழக்கம். எத்தனை நூறு முறை ‘எம்.எஸ்.’ என்று சொல்லியிருப்போம். அந்த இரண்டெழுத்துக்குள் ஒரு வீணைக் கலைஞரான தாய் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

பிரபலம் என்றால் யாருக்குப் பிரபலம்?

எல்லாக் குழுவிலும் இந்த ஆட்டத்தில் சண்டை வருகிற இடம் ஒன்றுதான். “இவரெல்லாம் ஒரு பிரபலமா?”

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழைய ஆட்டத்துக்கு ‘பாட்டிச்செல்லி’ என்று பெயர். இத்தாலிய ஓவியர் பாட்டிச்செல்லி அளவுக்காவது புகழ் பெற்றவரைத்தான் நினைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவின் பாட்டிச்செல்லி, கும்பகோணத்துக்காரரின் அம்மா. சந்தேகம் வந்தால் அவர் அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். அம்மா ‘தெரியும்’ என்றால் செல்லும். கணினி முன்னோடி ஆலன் டூரிங் செல்லவில்லை. செஸ் குகேஷ் உடனே செல்லுபடியானார். “அந்தப் புள்ள ஜெயிச்சிட்டு அழுதுச்சே” என்றாராம். சி.வி.ராமன் செல்லுபடியானார், நோபலுக்காக அல்ல. அம்மா படித்த பள்ளியில் படம் மாட்டியிருந்ததாம்.

சிங்கப்பூர் தோழியின் ஒன்பது வயது மகள் சில நாள் எட்டிப் பார்ப்பாள். அவள் நினைக்கிற பிரபலங்களை எங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் யூடியூபராக இருப்பார். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு டி.எம்.சௌந்தரராஜனைத் தெரியாது. ‘உலகமே அறிந்தவர்’ என்று நாம் சொல்லும் உலகத்தின் சுற்றளவு எவ்வளவு என்று அப்போது தெரிகிறது.

இதே ஆட்டத்தின் இன்னொரு உறவாக 1979-ல் ‘கெஸ் ஹூ’ என்ற பலகை விளையாட்டு வந்தது. 24 முகங்கள், கேள்வி கேட்டுக் கேட்டுக் கழிக்க வேண்டும். அதை மனைவி ஓராவுடன் சேர்ந்து உருவாக்கிய தியோ கோஸ்டர், ஆம்ஸ்டர்டாமில், டைரி எழுதிய ஆன் ஃபிராங்கின் வகுப்புத் தோழராக இருந்தவர். அதே வகுப்புச் சிறுமியின் முகம் பிற்காலத்தில் உலகத்துக்கே தெரிந்த முகமாகும் என்று அந்தப் பையனுக்கு அன்று யார் சொல்லியிருக்க முடியும்?

அந்தப் பலகையின் முதல் பதிப்பில் 24 முகங்களில் பெண்கள் 5 பேர்தான். சிரித்துவிட்டு, நாங்கள் பெயர் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினோம். சிரிப்பு நின்றுவிட்டது. பக்கம் பக்கமாக ஆண்கள். பெண் பெயர் வந்த இடங்களிலும் பாடகி, நடிகை, பாடகி. அதனால்தான் “ஆணா?” என்று கேட்டால் ‘ஆமா’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. ஷானன் கணக்கில், அது செத்த கேள்வி. அடுத்த வாரம் விதி மாற்றினோம்: சீட்டுக் குலுக்கி, ‘ஆண்’ வந்தால் ஆண், ‘பெண்’ வந்தால் பெண். நினைத்தவருக்கு மட்டும் தெரியும். “ஆணா?” என்ற கேள்விக்கு உயிர் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பி.டி.உஷாவும் நோட்டுக்குள் வந்தார்கள்.

ஒரு தப்பான பதிலின் விலை

ஆன்லைனில் ஆடும்போது முதல் சந்தேகம் கூகுள் மேல்தான் வரும். கீபோர்டு ‘டக் டக்’ கேட்டால், “கையைத் தூக்கு!” என்று கத்துவோம். இரண்டு கையும் கேமராவில் தெரிய வேண்டும். நினைத்த பெயரைப் பாதியில் மாற்றிக்கொள்ளாதிருக்க, அதை முதலிலேயே நடுவருக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்.

ஆனால் ஏமாற்றுகிறவனைவிட ஆபத்தானவர், தெரியாமல் தப்பாகச் சொல்கிறவர். ஒருவர் எம்.ஜி.ஆரை நினைத்துக்கொண்டு “தமிழ்நாட்டில பிறந்தவரா?” என்றதற்கு ‘ஆமா’ என்று சொல்லிவிட, அந்தச் சுற்றே குட்டிச்சுவராகிவிட்டது. ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் 1976-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் இதே கேள்வியைப் போட்டார்: பதில் சொல்கிறவர் ஒரே ஒரு பொய் சொல்லலாம் என்றால், பத்து லட்சம் எண்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க எத்தனை கேள்வி வேண்டும்? பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: 25. ஒரு பொய்யின் விலை ஐந்து கேள்வி. 2007-ல் பிரான்ஸிலிருந்து வந்த, ஆளைக் கண்டுபிடிக்கும் ‘அகினேட்டர்’ இணைய விளையாட்டின் பூதம் ‘தெரியாது’, ‘இருக்கலாம்’ போன்ற பதில்களையும் ஏற்றுக்கொள்கிறது. நாங்களும் ‘தெரியலை’ என்ற மூன்றாவது பதிலை அனுமதித்தோம். அதைச் சொல்ல ஆரம்பத்தில் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது.

யாருமே நினைக்காத ஆள்

இயற்பியலாளர் ஜான் வீலர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு விருந்தில் இதே ஆட்டத்துக்காக அவர் வெளியே போயிருந்தபோது, உள்ளே இருந்தவர்கள் எந்தச் சொல்லையும் நினைக்காமல் இருப்பது என்று முடிவுசெய்தார்கள். யாரும் எப்படியும் பதில் சொல்லலாம். முந்தைய பதில்களோடு முரண்படக் கூடாது, அவ்வளவே. வீலர் கேட்கக் கேட்கப் பதில் சொல்ல அவர்களுக்கு நேரமானது. கடைசியில் அவர் ‘மேகம்’ என்றார். எல்லாரும் சிரித்தபடி ‘ஆம்’ என்றார்கள்.

தோஹா நண்பன் டீ போடப் போன ஒரு நாள், நாங்களும் இதைச் செய்து பார்த்தோம். உயிரோட இருக்காரா? இல்லை. ஆணா? இல்லை. பாடினவரா? ஆமா. நடிச்சவரா? ஆமா. சட்டமன்றம் பக்கம் போனவரா? இதற்குச் சிவகங்கைக்காரர் ஒரு நிமிடம் யோசித்து ‘ஆமா’ என்றார். “கே.பி.சுந்தராம்பாள்!” என்று அவன் கத்தியபோது எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. சட்ட மேலவைக்குப் போன கொடுமுடி கோகிலம். எங்களில் ஒருவரும் நினைக்காத ஒருவரை அவன் கேள்விகளே கைபிடித்துக் கூட்டிவந்திருந்தன.

சாப்பிட்டியா?

இந்த ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விகளை எண்ணிப் பார்க்கிறேன். நல்லா இருக்கியா? வீட்டுல சௌக்கியமா? சாப்பிட்டியா? பதில் தெரிந்த கேள்விகள். அன்பு இருந்தது, ஆனால் அவை எதையும் வெட்டவில்லை, எதையும் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை தோஹா நண்பன் ஆட்டத்தில் சுரத்தில்லாமல் இருந்தான். முடிந்ததும் தமிழாசிரியை ஆட்டத்துக் குரலிலேயே ஆரம்பித்தார். “உடம்பா?” இல்லை. “வீடா?” இல்லை. “வேலையா?” கொஞ்ச நேரம் கழித்து: ஆமா. “போயிடுச்சா?” ஆமா. நான்கு கேள்வி. ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டிருந்தால் ‘இருக்கேன்’ என்றுதான் சொல்லியிருப்பான். அடுத்த மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. அதற்குள் குழுவில் ஆளுக்கொரு பக்கமாக அவன் பயோடேட்டாவை அனுப்பியிருந்தோம்.

இந்தச் சனிக்கிழமை நீங்களும் ஆடிப் பாருங்கள். நாலு பேர் போதும்; எட்டுக்கு மேல் போனால் சந்தைக்கடை. பெயரை நடுவருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தப்பாகச் சொன்ன பெயரும் ஒரு கேள்வியாகக் கணக்கில் சேரட்டும். தெரியாவிட்டால் ‘தெரியலை’ என்று சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரஜினியா என்று மூன்றாவது கேள்வியில் கேட்காதீர்கள். பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாகப் பார்த்துக் கேளுங்கள்.